இரண்டாம் பெட்டிக்கு வைத்த பொட்டு

1

ஜப்பானில் ரயிலுக்குள் போன் பேசக் கூடாது என்பது சட்டமில்லை. சட்டமாக இருந்தால் மீறிவிட்டு அபராதம் கட்டலாம். இது மரியாதை. மரியாதையை மீறினால் யாரும் திட்டமாட்டார்கள். பெட்டி முழுக்க அமைதியாக நம் காலணிகளைப் பார்ப்பார்கள். அதைத் தாங்க முடியாது.

ஆயுத பூஜை அன்று மாலை, வேலை முடிந்து நின்றபடியே வந்துகொண்டிருந்தபோது, தங்கை நிவேதா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் அனுப்பினாள். திறந்தேன். என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எதிரே அமர்ந்திருந்த பெரியவர் என் காலணிகளைப் பார்த்தார்.

படத்தில் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடம். வாழை இலையில் பொரி, கடலை, வெட்டிய பூசணிக்காய். அப்பாவின் மருந்தடிக்கும் மெஷின், மண்வெட்டி, கொத்து. தர்மபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற நிவேதாவின் வெள்ளைக் கோட்டும் மடிக்கணினியும். இவற்றுக்கு நடுவில், நல்ல இடமாகப் பார்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக என் மூன்று பெட்டிகள். முதல் பாகம், இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம். லிமிடெட் எடிஷன். மூன்றிலும் முன்பக்கம் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். கஞ்சத்தனமே இல்லாமல், கட்டைவிரலால் அழுத்தி வைத்தது.

அடுத்த நிலையத்தில் இறங்கினேன். அது என் நிலையம் இல்லை.

"அம்மா, அந்தப் பொட்டிங்க மேல என்னாம்மா பண்ணி வச்சிருக்க?"

"பூஜ போட்டன். நல்லாருக்குதில்ல? உங்கப்பன் மெஷினுக்குக்கூட அவ்ளோ பெரிய பொட்டு வைக்கல."

"அது மேல பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தேனே!"

"கழட்டிட்டன். பிளாஸ்டிக் மேல பொட்டு நிக்க மாட்டேங்குதுடா, வழுக்கிக்கினு போவுது. கவர் வீணாப் போவல, உன் மார்க் ஷீட்டெல்லாம் அதுல போட்டு பீரோல வச்சிருக்கன். கெட்டிக் கவரு."

அமிலம் கலக்காத, மஞ்சளடிக்காத, சேகரிப்பாளர்களுக்கென்றே விற்கிற உறை அது. அதில் இப்போது என் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் மதிப்பெண் பத்திரமாக இருக்கிறது. யாருக்கு வேண்டும் அது?

"நிவேதாகிட்ட குடும்மா. ஈரமா இருக்கறப்பவே தொடச்சிடலாம்."

"அடி செருப்பால! இன்னிக்குத் தொடுவாங்களாடா? பூஜைல வச்சத இன்னிக்குத் தொடக் கூடாது. நாளைக்குக் காலைல மறுபூஜ பண்ணித்தான் எடுக்கணும். உங்கப்பன் மம்புட்டியே தொடாம உக்காந்திருக்குது."

பின்னாலிருந்து நிவேதாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் அவளை மன்னிக்கவில்லை. இன்றுவரைக்கும்.

2

இதிலென்ன இருக்கிறது, அட்டையில் ஒரு பொட்டு, துடைத்தால் போகிறது என்று நினைப்பீர்கள். ஊரில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதனால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மலை ரயில் நிலையத்தில் தனியாக வேலை பார்க்கிற பெண்ணைப் பற்றிய அனிமே தொடர் அது. ஒரு நாளைக்கு இரண்டு முறை வண்டி வரும். சண்டை இல்லை, பேய் இல்லை, உலகம் அழியவில்லை. அவள் விளக்கைத் துடைப்பாள், பனியைத் தள்ளுவாள், யாராவது ஒருவர் இறங்குவார். அவ்வளவுதான். பார்க்க ஆரம்பித்தால் எழுந்திருக்க முடியாது.

அதை மாதம் ஒரு பாகமாக, மே முதல் அக்டோபர் வரை, ஆறு பாகங்களாக டிவிடியில் வெளியிட்டார்கள். வட்டு மட்டும் இருக்கிற சாதாரணப் பதிப்பும் உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு லிமிடெட் எடிஷன்: கனத்த அட்டைப் பெட்டி, பின்னணி ஓவியங்கள் அச்சிட்ட சிறு புத்தகம், நான்கு அஞ்சலட்டைகள், திரையில் வராத ஒரு கதையைக் குரலில் மட்டும் சொல்லும் தனி வட்டு. பெட்டியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை. ஊரில் என்றால் கடையிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வருவோமே, அந்த மாதிரி. ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது. பட்டையில், பெட்டிகளை அடுக்கினால் முன்னால் தெரிகிற பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முக்கோணம். அதற்குள் பாகத்தின் எண். ஆறு முக்கோணங்களையும் வெட்டி, விண்ணப்பத் தாளில் ஒட்டி, நவம்பர் கடைசிக்குள் அவர்கள் கையில் கிடைக்கும்படி அனுப்பினால், ஆறு பாகங்களையும் சேர்த்து வைக்கிற பெரிய பெட்டி ஒன்று வரும். அதற்கென்றே ஓவியர் புதிதாக வரைந்த படம். கடையில் கிடைக்காது. பின்னால் அச்சிடவும் மாட்டார்கள். ஒரு முக்கோணம் குறைந்தாலும் கிடையாது.

அப்படியென்றால் வந்த உடனே வெட்டி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? கேட்பீர்கள். நிவேதாவும் கேட்டாள். வெட்டக் கூடாது. கடைசிப் பாகம் கைக்கு வரும்வரை கத்தரிக்கோலைத் தொடக் கூடாது என்பது சேகரிக்கிறவர்களின் ஒழுக்கம். நடுவில் ஏதாவது ஒரு பாகம் கிடைக்காமல் போனால், வெட்டின பட்டை வெட்டினதுதான். முழுமையான தொகுதியும் இல்லை, முழுமையான பட்டையும் இல்லை. இந்த ஒழுக்கத்தை நான் இத்தனை கறாராகக் கடைப்பிடித்திருக்க வேண்டாம். இப்போது தெரிகிறது.

பெட்டிகள் ஊருக்குப் போனதற்கும் காரணம் உண்டு. ஜூனில் இங்கே மழைக்காலம். என் அறை ஆறு பாய் விரிக்கிற அளவுதான். துணி காயாது, உப்பு உருகும், சுவர் வியர்க்கும். முதல் பாகத்தின் சிறு புத்தகத்தில் ஒரு பூஞ்சைப் புள்ளி தெரிந்ததும், இனி இங்கே வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். தர்மபுரி மாவட்டத்தின் வறட்சியைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கவலைப்பட்டிருக்கிறார்கள். அதை நினைத்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நான்தான். ஆடியில் ஊருக்குப் போனபோது மூன்று பெட்டிகளையும் சட்டைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்துப்போய் பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். ஈரத்திலிருந்து காப்பாற்றினேன். எதிலிருந்து காப்பாற்றியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

3

பெட்டிகள் பூஜையில் போய் உட்கார்ந்ததற்கு நான்தான் காரணம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆடியில் அம்மா கேட்டாள்: "என்னாடா இது, செங்கல் கணக்கா?"

"ஜப்பான் பாசை படிக்கிற புஸ்தகம்மா. வேலைக்கு வேணும்."

பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது. கல்லூரி விடுதியில் மற்றவர்கள் பயிற்சி வகுப்புக்குப் போனபோது நான் அனிமே பார்த்தே ஜப்பானிய மொழியைப் பிடித்தேன். நேர்காணலில் அதை வைத்துத்தான் தேறினேன். வந்த முதல் வாரம், மேலாளரை 'நீங்கள்' என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, வாள் உருவுவதற்கு முன்னால் வில்லன் எதிரியைக் கூப்பிடுகிற சொல்லால் கூப்பிட்டேன். அலுவலகம் அப்படியே உறைந்தது. அவர் நல்ல மனிதர், அன்று மாலையே எனக்கு ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அம்மாவிடம் நான் சொன்னது சாமர்த்தியத்துக்காக. இருபத்தேழு வயதில் கார்ட்டூன் பொட்டியைக் கடல் கடந்து தூக்கி வந்திருக்கிறான் என்று சொல்லிச் சிரிப்பார்களே என்றுதான். படிப்புச் சாமான் என்று நான் சொல்ல, அவள் அதைப் படிப்புச் சாமானாகவே வைத்து, நாள் வந்ததும் பூஜையும் போட்டுவிட்டாள். இதில் யாரைக் குறை சொல்வது?

இதே மாதிரி குறிப்புகளை வெளிநாட்டிலிருந்து எழுதுகிற பெரியவர்கள், பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை, கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று வருத்தப்பட்டு எழுதுவார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் கைவிட்டுப் போன பிள்ளையே நான்தான். வந்து மூன்று வருடம். 'சாப்ட்டியா?', 'ம்.' 'குளிரா?', 'ம்.' 'எப்ப வர்ற?', 'பாக்கலாம்மா.' எங்கள் பேச்சு இந்த அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. அந்த முக்கோணங்களுக்காக ஒரு மாதத்தில் நான் பேசியது, அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் பேசியதைவிட அதிகம். பாதி கத்தல் என்றாலும்.

4

மறுநாள் மறுபூஜை முடிந்தது. நிவேதா வீடியோ காலில் வந்தாள். கையுறை மாட்டியிருந்தாள். பஞ்சுக் குச்சி, சாமணம், பூதக்கண்ணாடி எல்லாம் பரப்பி வைத்திருந்தாள்.

"அண்ணா, பேஷன்ட் ரெடி. சொந்தக்காரங்க வெளிய நில்லுங்க."

"வெளையாடாதடி. தண்ணி தொடாத. காஞ்ச பஞ்சால ஓரத்துலேர்ந்து மெதுவா எடு."

"தெரியும். ஒரு நாளைக்கு அறுவது பேர் கைல ஊசி குத்தறன், ஒரு அட்டைல இருந்து சந்தனம் எடுக்க மாட்டனா?"

"அது கை. ஆறிடும். இது ஆறாது."

"நீ இப்பிடிப் பேசனன்னா அம்மாகிட்டயே குடுத்துருவன். விம் போட்டுத் தேச்சிரும்."

வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

முதல் பாகமும் மூன்றாம் பாகமும் தப்பின. மஞ்சள் கறை இருந்தது, எண் தெரிந்தது. இரண்டாம் பாகத்தில் பொட்டு சரியாக முக்கோணத்தின் நெஞ்சிலேயே விழுந்திருந்தது. சந்தனத்தை உதிர்த்தபின்னும் குங்குமம் காகிதத்துக்குள் இறங்கி, எண் இருக்கிற இடத்தில் வெறும் சிவப்பு. இன்னும் தேய்த்தால் அச்சே வந்துவிடும் என்றாள்.

"ரெண்டுன்னு எழுதியிருக்கறது உனக்கு லேசாவாச்சும் தெரியுதா?"

"ரெண்டுன்னு நெனச்சிக்கினு பாத்தா ரெண்டாத் தெரியுது. அஞ்சுன்னு நெனச்சா அஞ்சு."

அந்த நேரத்தில் அம்மா கேமராவுக்குள் தலையை நீட்டினாள். "எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டீங்களா? வெள்ளிக்கெழமையும் அதுவுமா. நல்லாருக்கும்டா வெளங்கும்."

5

அடுத்தது கூரியர். மூன்று முக்கோணங்களையும் வெட்டி, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, நிவேதா மதிய இடைவேளையில் தர்மபுரியில் ஒரு கூரியர் கடைக்குப் போனாள். என்னையும் போனில் வைத்துக்கொண்டாள், ஏதாவது கேட்டால் பதில் சொல்ல.

"உள்ள என்னம்மா?" கடைக்காரர்.

"கூப்பனுங்க."

"லாட்டரியா? லாட்டரியெல்லாம் அனுப்ப முடியாதும்மா."

"லாட்டரி இல்லீங்க. இத அனுப்பனா அங்க ஒரு பொட்டி குடுப்பாங்க."

"பொட்டிக்குள்ள என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க. காலிப் பொட்டி."

பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "ஏம்மா, படிச்ச பொண்ணாத் தெரியற. இந்த மாதிரி நம்ம தொப்பூர்ல ஒருத்தர், போன்ல பேசனாங்கன்னு நம்பி அனுப்பிட்டு இன்னைக்கும் அழுதுக்கினு இருக்கறாரு. ஆதார் நம்பர் கேட்டாங்களா?"

"எங்க அண்ணன்தாங்க கேக்கறாரு. லைன்ல இருக்காரு."

"அப்பிடித்தாம்மா சொல்லுவாங்க."

என்னை அவர் கடைசிவரைக்கும் நம்பவில்லை. நான் போனில் எங்கள் ஊர், அப்பா பேர், வீட்டுக்கு எதிரில் இருக்கிற புளியமரம் எல்லாவற்றையும் சொன்னேன். 'எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கறான் பாரு' என்றார். நிவேதா தன் வேலை அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் படிவத்தை எடுத்தார். அதில் பொருளின் மதிப்பு என்று ஒரு கட்டம். ஒன்றுமில்லை என்று போட்டால் கணினி ஏற்கவில்லை. "அண்ணா, இதோட மதிப்பு என்னன்னு போடறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஒரு ரூபாய் என்று போடச் சொன்னேன். சொல்லும்போது வலித்தது.

6

உறை நவம்பர் நடுவில் வந்தது. என்னிடம் இருந்த மற்ற மூன்று பாகங்களின் பட்டைகளையும் வெட்டி, ஆறு முக்கோணங்களையும் ஒட்டினேன். ஐந்து எண்கள், ஒரு சிவப்பு. விண்ணப்பத் தாளின் அடியில் குறிப்பு எழுத ஒரே ஒரு வரி இருந்தது. எங்கள் ஊர்ப் பூஜையை ஒரு வரிக்குள் ஜப்பானிய மொழியில் அடைக்க எனக்கு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கடைசியில் எழுதியது இது: 'எங்கள் ஊரில் வருடத்தில் ஒரு நாள் தொழில் கருவிகளுக்குத் திலகமிட்டு வணங்குவோம்; என் அம்மா இதையும் என் கருவி என நினைத்துவிட்டார்; சிவப்பாக இருப்பது இரண்டாம் பாகம்.'

நான்கு நாள் கழித்து, அலுவலகத்தில் உணவு நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. விண்ணப்பங்களைக் கவனிக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண். குரலிலேயே குனிந்து பேசினார். முதலில் தொந்தரவுக்கு மன்னிப்பு. பிறகு, சிவப்பு இரத்தம் இல்லையே என்று உறுதிசெய்துகொள்ள வேண்டியிருப்பதற்கு மன்னிப்பு. இல்லை என்றேன். விளக்கில் பிடித்துப் பார்த்ததில் எண் தெரிந்தது, விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்றார். நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

"இன்னொன்று" என்றார். "இந்தத் திட்டம் முடிந்ததும் எல்லா விண்ணப்பங்களையும் இயந்திரத்தில் போட்டு நறுக்கிவிடுவது எங்கள் வழக்கம். ஆனால் இது வணங்கப்பட்ட பொருள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நறுக்கினால் உங்கள் தாயாருக்குச் சம்மதமா?"

தெரியவில்லை என்றேன். கேட்டுச் சொல்லுங்கள், காத்திருக்கிறோம் என்றார். இப்படி ஒரு நாடு! இங்குள்ள நகராட்சி அலுவலகத்தில் என் பெயரில் ஒரு எழுத்து கூடிவிட்டது என்று மூன்று முறை திருப்பி அனுப்பினவர்கள் இவர்கள்தான். குங்குமத்துக்குக் கோப்பு திறந்து காத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் கேட்டேன்.

"நறுக்கறதா? பாவம்டா. குப்பைலயும் போடக் கூடாது. ஓடற தண்ணில வுடச் சொல்லு."

இதை நான் ஒரு நிறுவனத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மறுமுனையில் ஆலோசனை நடந்தது. ஆற்றில் விடுவது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்பதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குப் பதிலாக, விதிவிலக்காக, பொட்டு பட்ட அந்த மூன்று முக்கோணங்களையும் எனக்கே திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

7

பெட்டி வந்துவிட்டது. ஓவியத்தில் அந்தப் பெண் நடைமேடையில் நிற்கிறாள். வண்டி போய்விட்டதா, இனிமேல்தான் வருமா என்று தெரியவில்லை. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உள்ளே ஒரு வெள்ளை உறை. அதில் மூன்று முக்கோணங்கள், ஓரத்தில் 'பயன்படுத்தப்பட்டது' என்று குங்குமத்தைத் தொடாமல் கவனமாகக் குத்திய சிறு முத்திரை.

என் அறைக்குப் பின்னால் ஒரு சிறு ஆறு ஓடுகிறது. கரையில், எதையும் போடக் கூடாது என்று நான்கு மொழிகளில் பலகை. நகராட்சியின் குப்பைப் புத்தகத்திலும் தேடினேன்: எரியும் குப்பை, எரியாத குப்பை, மறுசுழற்சிக் காகிதம். பொட்டு வைத்த காகிதத்துக்கு வகை இல்லை. உறையோடு திரும்பி வந்து அதைப் பெரிய பெட்டிக்குள்ளேயே வைத்தேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

"அம்மா, அது படிக்கிற புஸ்தகம் இல்ல. கார்ட்டூன்."

"எனக்குத் தெரியாதாடா? அட்டையெல்லாம் பொம்மை. கண்ணு இத்தாப் பெருசு."

"தெரிஞ்சுமா பூஜைல வச்ச?"

"வூட்ல சோறு திங்கவே கை கழுவாதவன் நீ. ஆடிக்கு வந்தப்ப அதத் தொடறதுக்கு முன்ன சோப்பு போட்டுக் கை கழுவுன, துண்டுல தொடச்ச, அப்பறம்தான் தொட்ட. நான் பாத்துக்கினுதான் இருந்தன். சரி, என்னமோ இவனுக்கு அதான் பொழப்பாட்டம் இருக்குதுன்னு நடுவுல வச்சன்."

எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் இந்த ஒரு பொட்டுக்காக நான் பட்ட பாட்டை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"அந்தப் புதுப் பொட்டியும் வந்துருச்சுன்னு நிவேதா சொன்னா. அடுத்த வருசத்துக்கு கொண்டாந்துரு, எல்லாத்தையும் சேத்து வச்சிரலாம்."

"கொண்டாரன். ஆனா ஒண்ணு. பொட்டு பின்பக்கம்தான் வைக்கணும். கீழ, ஓரமா, சின்னதா."

"பின்னால போயி யார்ரா பொட்டு வைப்பாங்க?" என்றாள் அம்மா.